கார் நுழையாத கார் ஷெட்

வாங்க தம்பி, வாங்க. காரைப் பாக்க வந்தவர்தானே? காலையில போன்ல பேசினது நீங்கதானே? சார் உள்ள ஷெட்ல இருக்கார். கூப்பிட்டா வருவார். ஆனா இப்பக் கூப்பிட மாட்டேன். வேலை நடுவுல கூப்பிடறதில்லன்னு எங்களுக்குள்ள ஒரு ஏற்பாடு. சாவி இந்தாங்க, நீங்க பாட்டுக்கு வண்டியைப் பாருங்க. பானெட்டைத் தெறங்க, சீட்டுல உக்காந்து பாருங்க. நான் இந்தப் படியில உக்காந்துக்கறேன்.

விலையை மட்டும் என்கிட்ட கேக்காதீங்க, அதை சாரோட பேசிக்கங்க. வேற எது வேணாலும் கேளுங்க.

அதைக் கேப்பீங்கன்னு தெரியும். வர்றவங்க எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. வலது பக்கம் புது வண்டி மாதிரி பளபளன்னு இருக்கு, இடது பக்கம் மட்டும் ஏன் இப்படி வெளுத்துக் கெடக்குன்னு. வெயில் தம்பி. எட்டு மாசமா இந்தப் புங்க மரத்தடியிலதான் நிக்குது. மரம் ஒரு பக்கம்தானே நிழல் குடுக்கும்? மேல புள்ளி புள்ளியா இருக்கறது காக்கா. நான் எதையும் மறைக்க மாட்டேன்.

அடுத்தது, இவ்வளவு நல்ல ஷெட் இருக்கறப்ப கார் ஏன் தெருவுல நிக்குதுன்னு கேப்பீங்க. போன வாரம் வந்தவர் கேட்டார். நான் சொல்ல ஆரம்பிச்சதும் அவருக்கு போன் வந்துடுச்சு, ஓடிட்டார். உங்களுக்கு அவசரம் ஒண்ணுமில்லையே?

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். எங்க வீட்டுல டூல்ஸ் பைத்தியம் யாருக்குன்னு கேட்டா, சாருக்குத்தான். எனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

சார்னா எங்க வீட்டுக்காரர். திருமேனின்னு பேர். முப்பது வருஷம் ஸ்கூல்ல பூகோளம் எடுத்தார். தெருவே சார் சார்னு கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் அதுவே வந்துடுச்சு. போன வருஷம் மே மாசம் ரிடையர் ஆனார். ஆன ஒரு வாரத்துல கடைவீதிக்குப் போய் ஒரு சுத்தியல், ஒரு கட்டிங் பிளேயர், ஒரு ரம்பம், நாலு ஸ்க்ரூ டிரைவர், எல்லாத்தையும் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டுல போட்டுத் தூக்கிட்டு வந்தார். என்ன இதுன்னு கேட்டேன். முப்பது வருஷமா உலகத்தைப் போர்டுல வரைஞ்சே காட்டிட்டேன் வல்லி, கையால ஏதாவது ஒண்ணு செஞ்சு பாக்கணும்னார்.

சரி, செய்யுங்களேன்னு விட்டுட்டேன். நான் ஒண்ணும் சொல்லல தம்பி. காலையில காரை வெளியில நிறுத்திடுவார். ஷெட்டுல தரையில சப்பணம் போட்டு உக்காந்து ஒரு முக்காலி செய்ய ஆரம்பிச்சார். சாயங்காலம் எல்லாத்தையும் ஓரமாத் தள்ளிட்டு காரை உள்ள விடுவார். மூணு மாசம் ஆகியும் முக்காலி முடியல. நான் அப்ப வேலைக்குப் போயிட்டிருந்தேன், எனக்கு எங்க நேரம் அதையெல்லாம் பாக்க? ஒண்ணு மட்டும் தெரியும். விசில் அடிப்பார். இருபத்தொம்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன், இந்த மனுஷனுக்கு விசில் அடிக்கத் தெரியும்ங்கறதே அப்பத்தான் தெரிஞ்சுது.

நான் ஆர்.எம்.எஸ்.ல இருந்தேன். ரயில்வே ஸ்டேஷன் ஓரமா தபால் பிரிக்கற ஆபீஸ் இருக்குமே, அதுல. முப்பத்தோரு வருஷம் சார்ட்டிங். சுவர் மாதிரி ஒரு மரச்சட்டம், புறாக்கூடு கணக்கா நாப்பத்தொம்பது அறை. ஒவ்வொரு அறைக்கும் ஒரு ஊர். கடுதாசியைப் பாத்தாப் போதும், அறையைப் பாக்க வேண்டியதே இல்ல. மணப்பாறைன்னா கை தானா மூணாவது வரிசைக்குப் போயிடும். முசிறி அதுக்குக் கீழ. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் போகும். பெருமைக்குச் சொல்லல, எல்லாருக்கும் அப்படித்தான். எனக்குக் கொஞ்சம் வேகம் ஜாஸ்தி.

செப்டம்பர்ல நானும் ரிடையர் ஆனேன். முதல் திங்கக்கிழமை. பதினோரு மணிக்கு டீ எடுத்துக்கிட்டு ஷெட்டுக்குப் போனேன். டீ குடுக்கத்தான் போனேன் தம்பி, வேற எதுக்கும் இல்ல. ஜன்னல் கட்டையில ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்துது. அதுல ஒண்ணரை இன்ச் ஆணி, ரெண்டு இன்ச் ஆணி, மர ஸ்க்ரூ, இரும்பு ஸ்க்ரூ, எல்லாம் ஒண்ணாக் கெடக்கு. கூடவே என்னோட ஒரு தைராய்டு மாத்திரை.

எல்லா ஊர்க் கடுதாசியும் ஒரே பையில கெடந்தா எப்படி இருக்கும்? அப்படி இருந்துது.

அப்பக்கூட நான் என்ன சொன்னேன்? ஒரே ஒரு யோசனைதான் சொன்னேன். "ஒரு சின்ன ராக் வச்சா நல்லா இருக்கும்ல?" அவ்வளவுதான்.

"வச்சுக்கலாமே"ன்னார். அவர் சொன்னதுதான். நான் சொல்லல.

ராக் வாங்கப் போனோம், பெரிய கடைவீதிக்கு. மர ஷெல்ஃப் நம்ம ஊருக்கு ஆகாது, கரையான் வரும். பீரோ மாதிரி கதவு வச்சது பாக்க நல்லா இருக்கும், ஆனா கதவை மூடிட்டா உள்ள என்ன இருக்குன்னு மறந்து போயிடும், அதே சாமானை இன்னொரு தரம் வாங்குவோம். அதனால ஆங்கிள் ராக். ஓட்டை ஓட்டையா இருக்கும் பாருங்க, தட்டை எந்த உயரத்துல வேணாலும் போல்ட்டு போட்டு மாட்டிக்கலாம். கடைக்காரர் ஒரு தட்டைக் காட்டி, நல்ல கனம் அம்மான்னார். நான் கட்டைவிரலால நடுவுல ஒரு அழுத்து அழுத்தினேன். பொக்குன்னு உள்ள போச்சு. இதுலயா டிரில்லிங் மெஷினை வைக்கறதுன்னு கேட்டேன். உள்ள போய் வேற தட்டு எடுத்துட்டு வந்தார். சார் வாத்தியார்ங்கறதால இதெல்லாம் அவருக்குத் தோணாது.

கடைக்காரர் என்னையே பாத்துப் பேசிட்டிருந்ததால, சார் ஒரு ஓரமா நின்னு மரம் இழைக்கற இழைப்புளி ஒண்ணைக் கையில எடுத்துப் பாத்துட்டிருந்தார். சின்னது, கைக்கு அடக்கமா, மரப்பிடி போட்டது. அடிப்பக்கத்தைப் பெருவிரலால தடவித் தடவிப் பாக்கறார். கால் மணி நேரம் அதையே வச்சுட்டிருந்தார். "வாங்கிக்கவா?"ன்னு கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. வைக்க எடமே இன்னும் முடிவாகல, அதுக்குள்ள சாமானா? முதல்ல எடம், அப்புறம் பொருள். அதை அங்கயே வச்சுட்டு வாங்கன்னேன். வச்சுட்டார். சொன்னா கேட்டுக்குவார், அந்தக் குணம் உண்டு.

நூத்தியெட்டு சாமான் ஒரே பெட்டியிலன்னு ஒண்ணு விக்கறான் பாருங்க, அதை மட்டும் வாங்கிடாதீங்க தம்பி. பாக்க நகைப்பெட்டி மாதிரி இருக்கும். அதுல ஒம்பதுதான் கைக்கு வரும், மிச்சமெல்லாம் எடத்தை அடைக்கும். தனித்தனியா, நல்லதாப் பாத்து வாங்கணும். ஸ்பேனர்ல ரெண்டு பக்கமும் வாய் தெறந்தது ஒரு செட்டு, வளையம் போட்டது ஒரு செட்டு. மட்டப்பலகை ஒண்ணு. டிரில்லிங் மெஷின், காங்கிரீட்டுலயும் போற மாதிரி. டப்பான்னா உள்ள இருக்கறது தெரியற டப்பாவா வாங்கணும், கலர் டப்பா வாங்கிட்டு ஒவ்வொண்ணாத் தெறந்து பாத்துட்டு இருக்க முடியாது. தினமும் எடுக்கறது இடுப்புக்கும் கண்ணுக்கும் நடுவுல. கனமானது கீழ. பெயிண்ட், தின்னர் எல்லாம் இன்வெர்ட்டர் பக்கமே வரக்கூடாது. நான் இதெல்லாம் எப்படிச் சொல்றேன்னா, சாரோட இருந்து இருந்து காதுல விழுந்ததுதான்.

ஒரு ராக் வாங்கினா ஒரு பக்கம் பாரமாத் தெரிஞ்சுது. அதனால எதிர்ச் சுவருக்கும் ஒண்ணு. பின்சுவர்ல பிளைவுட் பலகை அடிச்சு, கொக்கி மாட்டி, ஒவ்வொரு டூலையும் வச்சு மார்க்கர்ல சுத்தி வரைஞ்சேன். சுத்தியல் இல்லைன்னா சுத்தியல் உருவம் தெரியும், எது வெளியில இருக்குன்னு பாத்ததும் புரிஞ்சிடும். எடுக்கறவங்க அந்தக் கொக்கியில ஒரு வில்லையை மாட்டிட்டு எடுக்கணும். தகரத்துல பன்னெண்டு வில்லை வெட்டி பேர் எழுதி வச்சேன். திருமேனி ஒண்ணு, திருமேனி ரெண்டு, அப்படிப் பன்னெண்டு வரைக்கும்.

அன்னைக்குச் சாயங்காலம் சார் காரை உள்ள விட்டார். ஷெட்டு ஒம்பது அடி அகலம். ரெண்டு பக்கமும் ராக் ஒண்ணரை ஒண்ணரை அடி. மிச்சம் ஆறு அடி. கண்ணாடியை மடக்கிட்டா கார் உள்ள போகுது தம்பி, அதுல ஒரு குறையும் இல்ல. கதவுதான் தெறக்கல. இந்தப் பக்கமும் தெறக்கல, அந்தப் பக்கமும் தெறக்கல. உள்ள உக்காந்துக்கிட்டு ஹாரன் அடிக்கறார். அதே வழியா பின்னால எடுத்துட்டு வாங்கன்னு நான் கத்தறேன், என்ன அவசரமோ வண்டியை அணைச்சுட்டார், மறுபடி ஸ்டார்ட் ஆகல. அப்புறம் நான் பின்னால டிக்கியைத் தெறந்துவிட, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு சீட்டைத் தாண்டித் தாண்டி ஊர்ந்து வந்தார். எதிர்வீட்டு அற்புதம் மொட்டை மாடியில நின்னு பாத்துட்டு இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறா.

அதுக்கு ராக் என்ன பண்ணும்? கார்தான் அகலம்.

மறுநாள் ஆள் வச்சுத் தள்ளி வெளியில எடுத்தோம். அன்னையிலிருந்து கார் வெளியில. ஆனா நடுவுல அந்த ஆறடி எடத்தை நான் காருக்குன்னே காலியா விட்டு வச்சிருந்தேன். தினம் கூட்டிப் பெருக்கி, எப்ப வேணாலும் உள்ள வரலாம்ங்கற மாதிரி. அதனால தரையில எதையும் போட விட மாட்டேன். சார் சுத்தியலைக் கீழ வச்சிட்டு அந்தப் பக்கம் திரும்புவார், நான் எடுத்து மாட்டிடுவேன். அவர் திரும்பிக் கையால துழாவுவார். இருக்காது. "இங்கதானே வச்சேன்"ம்பார். "அது எடத்துல இருக்கு"ம்பேன். எழுந்து போய் வில்லையை மாட்டிட்டு எடுப்பார். அஞ்சு நிமிஷத்துல மறுபடியும் கீழ வைப்பார். குழந்தை மாதிரி.

கொஞ்ச நாள்ல விசில் நின்னுடுச்சு. பொங்கலுக்கு அப்புறம் ஷெட்டுக்கே வர்றதில்ல. ஆம்பளைங்க ஆசை இவ்வளவுதான்னு நெனச்சுக்கிட்டேன். அந்த முக்காலி ரெண்டு காலோட நின்னுது. 'பாதி வேலை'ன்னு சீட்டு எழுதி ஒட்டி மேல் தட்டுல வச்சேன்.

அப்புறம் தினம் பத்து மணிக்குக் கிளம்பிடுவார். எங்கன்னு கேட்டா லைப்ரரிம்பார். ஒரு மணிக்குத் திரும்பி வர்றப்ப நகக்கண்ணெல்லாம் கறுப்பா இருக்கும். பேப்பர் மை ஒட்டுதுன்னார். நானும் ஆபீஸ்ல மையில புழங்கினவதானே, நம்பிட்டேன்.

ஏப்ரல்ல ஒரு நாள் பலகையைப் பாக்கறேன், ஆக்ஸா பிளேடு இல்ல. இரும்பு அறுக்கற ரம்பம் அது. அதோட உருவம் மட்டும் இருக்கு. வில்லையும் இல்ல. வில்லை மாட்டாம எங்க வீட்டுல ஒரு சாமான் வெளியில போனது அதுதான் முதல் தரம். செருப்பை மாட்டிக்கிட்டு லைப்ரரிக்குப் போனேன். அங்க இருந்த அம்மா, "சாரா? அவர் இங்க வந்து ரெண்டு மாசம் ஆச்சே"ங்கறா.

பக்கத்துத் தெருவுல அந்தோணிசாமின்னு ஒருத்தர், தண்ணி மோட்டார் ரிப்பேர் பண்றவர், கடை வச்சிருக்கார். அந்த வழியாத் திரும்பி வர்றேன். விசில் சத்தம் கேக்குது.

எட்டிப் பாத்தேன். அந்தக் கடையை நீங்க பாக்கணும் தம்பி. தரை தெரியல. ஒயர், போல்ட்டு, பழைய மோட்டார், டீ கிளாஸ், எல்லாம் ஒரே கும்பல். நடுவுல கவுத்துப் போட்ட பக்கெட்டு மேல எங்க சார். ஸ்கூல்ல பரிசு வாங்கற பையன் நிப்பானே, அந்த மாதிரி முகம். அந்தோணிசாமி தலையைத் தூக்காமலே, "சார், அந்தப் பத்து-பதினொண்ணு ஸ்பேனர்"ங்கறார். இவர் மோட்டாரைப் பாத்தபடியே கையைக் காலுக்கடியில விட்டு, அந்தக் குப்பையிலிருந்து எடுத்து நீட்டறார். பாக்கவே இல்ல தம்பி. சரியா பத்து-பதினொண்ணு.

நான் அங்க எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. சித்திரை வெயில். கூப்பிடணும்னு தோணல. வந்துட்டேன்.

சாயங்காலம் ஷெட்டு வாசல்ல நிக்க வச்சுக் கேட்டேன். "ஆக்ஸா பிளேடு எங்க?"

"மறந்து எடுத்துட்டுப் போயிட்டேன்."

"லைப்ரரிக்கா?"

தலையைக் குனிஞ்சுக்கிட்டார். மெதுவா, "வல்லி, உன் ஷெட்டுல எனக்குக் கை ஓட மாட்டேங்குது"ன்னார்.

உன் ஷெட்டாம்! எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. ஒவ்வொரு கொக்கியும் அவருக்காக மாட்டினது. "இது உங்க ஷெட்டு. எனக்கு எதுக்கு இதெல்லாம்?"ன்னு கேட்டேன். அவர் நாலு சுவரையும் ஒரு சுத்து பாத்தார். "அப்படின்னா இதுல நான் வச்ச சாமான் ஒண்ணைக் காட்டு"ன்னார்.

பாத்தேன் தம்பி. மேலேருந்து கீழ வரைக்கும் பாத்தேன். எல்லாச் சீட்டும் என் கையெழுத்து.

எனக்குப் பொத்துக்கிட்டு வந்துடுச்சு. "இதெல்லாம் யாருக்கு வேணும்? இப்பவே கழட்டிப் போட்டுடறேன். உங்க பக்கெட்டையே வச்சுக்கங்க"ன்னு ராக் போல்ட்டைப் பிடிச்சுட்டேன். கழட்டணும்னா ஸ்பேனர் வேணுமே? கோபத்துல நான் திரும்பிக்கூடப் பாக்கல, பின்னால கையை நீட்டி கொக்கியிலிருந்து எடுத்துட்டேன். ரெண்டு போல்ட்டு கழட்டினேன். மூணாவதுக்குப் போறப்ப திரும்பிப் பாக்கறேன், சார் என் கையையே பாத்துக்கிட்டு நிக்கறார். என்னத்தைப் பாத்தாரோ.

"போதும் வல்லி, விடு"ன்னார். ஸ்பேனரைக் கையிலிருந்து வாங்கி, அந்த ரெண்டு போல்ட்டையும் அவரே திருப்பி முடுக்கினார். முடுக்கிட்டு, "ராக் இருக்கட்டும். காரை வித்துடலாம். நடு எடத்தை மட்டும் எனக்குக் குடுத்துடு"ன்னார்.

அவருக்குக் கார் மேல எப்பவுமே பெரிசா ஆசை கிடையாது தம்பி. அதனால சுலபமாச் சொல்லிட்டார். பதினோரு வருஷமா தினம் காலையில தொடைப்பார், அது பழக்கம். எனக்கு ஆறு மணி ஷிப்டுன்னா அஞ்சரைக்கே வண்டியை ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வச்சு ஸ்டேஷன்ல கொண்டு விடுவார், திரும்பக் கூட்டிட்டு வருவார். அதுவும் பழக்கம்தான். வண்டி உள்ளயே நல்லா இருக்கு பாருங்க, சீட்டுல ஒரு கீறல் கிடையாது.

சரின்னு ஒத்துக்கிட்டேன். விட்டுக் குடுக்கறது எனக்கு ஒண்ணும் புதுசு இல்ல. மறுநாளே தரையில ரெண்டு பக்கமும் மஞ்சப் பெயிண்ட்டுல கோடு போட்டேன். கோட்டுக்குள்ள அவர் ராஜ்ஜியம். எதை வேணாலும் எங்க வேணாலும் போடலாம், நான் தொட மாட்டேன், வேலை நடுவுல கூப்பிட மாட்டேன். கோட்டுக்கு வெளியில என் ராஜ்ஜியம். சார் வந்து பாத்தார். "கோடு கொஞ்சம் கோணலா இருக்கே"ன்னு சொல்லிட்டுச் சிரிச்சார். அவர் போனப்புறம் நூல் பிடிச்சுப் பாத்தேன். நேராத்தான் இருந்துது.

இப்ப அந்தோணிசாமியே இங்க வந்துடறார், மதியம் ரெண்டு பேருமா எதையோ பிரிச்சுப் போடறாங்க. ஒண்ணரை மாசம் ஆச்சு. ஒரு தரம்கூட நான் கோட்டைத் தாண்டல. எட்டிப் பாத்திருக்கேன். எட்டிப் பாக்கறது கணக்குல வராது.

ஸ்டெப்னியைப் பாத்தீங்களா? ஜாக்கியும் அங்கயே...

கேட்டீங்களா? இப்ப ஒரு சத்தம் கேட்டுதே.

"என்னங்க? என்ன ஆச்சு?"

ஒண்ணுமில்லையாம். ஒண்ணுமில்லைன்னு கத்தறார், கேட்டீங்கல்ல? அது வாஷர் தம்பி. ஸ்க்ரூவா இருந்தா விழுந்த எடத்துலயே கெடந்திருக்கும், இவ்வளவு நேரம் உருளாது. இன்னும் உருளுது பாருங்க. ஒரு டப்பா முழுக்கப் போயிருக்கும். ரெண்டாவது தட்டு, இடது ஓரம்.

நான் போக மாட்டேன். சொன்னாச் சொன்னதுதான். கோட்டுக்குள்ள அவர் ராஜ்ஜியம். பாத்தீங்களா, எழுந்திருக்கக்கூட இல்ல. சும்மா புடவையைச் சரி பண்ணினேன்.

ஆனா வாஷர் நிக்காதே தம்பி. உருண்டு என் பக்கம் வந்திருந்தா அது எந்தக் கணக்கு? அதை நாங்க பேசி வச்சுக்கல. நீங்க மூணாவது மனுஷர். காரைப் பத்திச் சாரோட பேச வேண்டியதும் இருக்கே. ஒரு எட்டு உள்ள போங்க. பேசிக்கிட்டே, கோட்டுக்கு வெளியில எத்தனை கெடக்குன்னு மட்டும் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க.

குனிஞ்சு எடுத்துடாதீங்க. எட்டு எம்.எம்.மும் பத்து எம்.எம்.மும் உங்களுக்குப் பிரிக்கத் தெரியாது.